தர்மநாதர் சாமிக்கு இங்கிலீஷ் பரீட்சை

1942ஆம் வருஷம் சித்திரை மாதம், ஜப்பான்காரன் பர்மாவை ஊர் ஊராக விழுங்கிக்கொண்டிருந்த சமயத்தில், பெரம்பலூரில் குடியிருந்த பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் சிவசுப்பிரமணியனுக்கு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. யுத்தத்தை ஜெயிக்க என்ன வழி என்று மேலிடத்தில் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்ததில் இந்த வழி புலப்பட்டிருக்க வேண்டும். பிரிட்டிஷ் பிரஜை அல்லாத அந்நிய நாட்டார் யாராவது பள்ளிக்கூடம் நடத்தினால், சர்க்கார் உத்தரவைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவருக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று பரீட்சை வைத்துப் பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் அவர் பள்ளிக்கூடத்தை விட்டு விலக வேண்டும். பொறுப்பேற்க வேறு ஆள் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தையே பூட்டிவிட வேண்டும். அதோடு ஜப்பான்காரன் பயந்து ஓடிவிடுவான் என்பது உத்தரவில் எழுதாமல் விட்ட பகுதி.

சிவசுப்பிரமணியனின் எல்லைக்குள் அப்படிப்பட்ட அந்நியர் ஒரே ஒருவர்தான். வரதராசன்பேட்டைக்குக் கிழக்கே மாதாகுடிக்காடு என்ற சிற்றூரில் கோயிலும் பள்ளிக்கூடமும் நடத்திவந்த தர்மநாதர் சாமி. பெல்ஜியம் தேசத்துக்காரர். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டதால் வந்த புதிதிலேயே இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அவரும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

உத்தரவைப் படித்ததும் சிவசுப்பிரமணியனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"ஜானகி, இங்க வா. ஒரு வெள்ளைக்காரருக்கு நான் பரீட்சை வெக்கப்போறேன்."

"எதுலங்க?"

"இங்கிலீஷ்ல."

ஜானகி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அவருக்கு நீங்களா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சிரித்தது நியாயமில்லை. சிவசுப்பிரமணியன் பி.ஏ., எல்.டி. சிறுவாச்சூரில் கம்பும் சோளமும் விதைத்துக்கொண்டிருந்த தகப்பனாருக்குக்கூட அவர் இங்கிலீஷில்தான் கடிதம் எழுதுவார். தகப்பனார் அதை எடுத்துக்கொண்டு போஸ்ட்மாஸ்டரிடம் ஓடுவார். "நல்லா இருக்கானாம், போய்ப் படுங்க" என்று போஸ்ட்மாஸ்டர் இரண்டு பக்கத்தையும் ஒரே வரியில் முடித்துவிடுவார். இலக்கணத்தில் சிவசுப்பிரமணியனை அசைக்க முடியாது. ஒரே ஒரு குறை, அவருடைய இங்கிலீஷ் முழுவதும் புஸ்தகத்திலிருந்து வந்தது. ஓர் இங்கிலீஷ்காரர் நேரில் அவரிடம் பேசியது வாழ்க்கையில் ஒரு தடவைதான். திருச்சி ரயிலடியில், வழியை மறித்து நின்றவரைப் பார்த்து, "விலகு" என்று ஒரு துரை கத்தியிருக்கிறார். ஒற்றைச் சொல்தான், ஆனால் இலக்கணப் பிழை இல்லாத சொல் என்று சிவசுப்பிரமணியன் அதை நினைவில் வைத்திருந்தார்.

பரீட்சைக் கேள்விகள் அரக்கு முத்திரையோடு தனியாக வந்தன. லண்டனில் குடியேறும் அந்நியர்களுக்காக யாரோ எப்போதோ தயாரித்த கேள்விகள். கப்பலேறி, ரயிலேறி, கடைசியில் பெரம்பலூருக்கு பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தன. பனிமூட்டத்தில் வழி தவறிவிட்டால் போலீஸ்காரரிடம் எப்படி விசாரிப்பீர்? விருந்துக்குப் போன இடத்தில் சூப் ஆறிப்போயிருந்தால் வீட்டு அம்மாளிடம் என்ன சொல்வீர்? கடற்கரை ஹோட்டலில் ஜன்னல் வைத்த அறை வேண்டுமானால் எப்படிக் கேட்பீர்? சிவசுப்பிரமணியன் பனிமூட்டத்தைப் பார்த்ததில்லை. சூப்பை அகராதியில் சந்தித்திருக்கிறார். ஆனாலும் கேட்கிறவர் தாம்தானே, பதில் சொல்கிறவர் அல்லவே என்ற தைரியத்தில், கோட்டு மாட்டிக்கொண்டு, புஸ்தகத்தில் போட்டிருந்த படத்தைப் பார்த்துக் கழுத்தில் டை கட்டிக்கொண்டு, கையில் பெட்டியுடன் சேவகன் கொளஞ்சியப்பன் பின்தொடரப் புறப்பட்டார்.

பெட்ரோல் பஞ்சத்தில் பஸ்களெல்லாம் கரியடுப்பில் ஓடிக்கொண்டிருந்த காலம். அரியலூர் போய்ச் சேருவதற்குள் கோட்டு கரிக்கோட்டாகிவிட்டது. அங்கிருந்து மாட்டு வண்டி. மாதாகுடிக்காட்டில் இறங்கியபோது சித்திரை வெயில் அவரை முக்கால்வாசி வேகவைத்திருந்தது.

பள்ளிக்கூட வாசலில் செம்பட்டைத் தாடியும் வாயில் சுருட்டுமாக நின்ற தர்மநாதர் சாமி அவரைப் பார்த்துப் பதறிப்போனார். "வாங்க இன்ஸ்பெக்டரய்யா! இந்த வேகாத வெயில்ல யாராவது கோட்டு போட்டுக்கிட்டு வருவாங்களா? மரியசூசை, அய்யாவுக்கு மோரு கொண்டாரச் சொல்லுங்க. வூட்டுல அம்மா சௌக்கியமா?"

சிவசுப்பிரமணியன் மசியவில்லை. பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை எடுத்துவிட்டார். "குட் மார்னிங், ரெவரெண்ட் ஃபாதர். ஐ ட்ரஸ்ட் யூ ஆர் இன் தி பெஸ்ட் ஆஃப் ஹெல்த்."

சாமி திரும்பி மரியசூசையைப் பார்த்தார். "என்னா சொல்றாரு?"

மரியசூசை அந்தப் பள்ளிக்கூடத்து உதவி ஆசிரியர். பள்ளிக்கூடத்திலிருந்து சர்க்காருக்குப் போன இங்கிலீஷ் கடிதம் ஒவ்வொன்றும் அவர் எழுதியது. பம்பாய் ஜவுளி வியாபாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் மாதிரிக் கடிதங்கள் அடங்கிய ஒரு புஸ்தகத்தைப் பார்த்து, துணி மூட்டை என்று இருந்த இடத்திலெல்லாம் மாணவர்கள் என்று போட்டு எழுதிவிடுவார். சாமி கீழே கையெழுத்துப் போடுவார். "வெள்ளைக்காரன் இங்கிலீஷ்னா இதுதான்" என்று சிவசுப்பிரமணியன் அந்தக் கடிதங்களை மற்றப் பள்ளிக்கூடங்களில் படித்துக் காட்டியிருக்கிறார்.

பரீட்சை தொடங்கியது. ஜன்னல் நிறைய ஊர்க்காரர்களின் தலை. பனிமூட்டக் கேள்வியை சிவசுப்பிரமணியன் இங்கிலீஷில் கேட்டார். சாமிக்குப் புரியவில்லை. மெதுவாகக் கேட்டார். அப்போதும் புரியவில்லை. வேறு வழியில்லாமல் தமிழில் கேட்டார்.

"ஓ, அதுவா? போலீஸ்காரர்கிட்டப் போயி..."

"இங்கிலீஷ்ல சொல்லணுங்க."

சாமி சுருட்டை எடுத்துக் கீழே வைத்தார். நெற்றி சுருங்கியது. "போலீஸ்... குட் மார்னிங்... வேர்... சர்ச்?"

"சர்ச் எங்க வந்துச்சு?"

"வழி தவறிட்டா கோயிலு எங்கன்னுதானே கேப்பாங்க? அங்க போனா யாராவது சோறு போடுவாங்க."

சூப் கேள்விக்கு அதுவும் வரவில்லை. "ஆறிப்போச்சுன்னா குடிச்சிட வேண்டியதுதான். ஆக்கிப் போட்ட அம்மாகிட்டப் போயி ஆறிப்போச்சுன்னு சொன்னா மனசு கஷ்டப்படாதாங்க?" என்று தமிழில் திருப்பிக் கேட்டார். சிவசுப்பிரமணியனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நியாயத்துக்கு மார்க் போட விதியில் இடம் இல்லை.

முடிவில் அவர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படி ஒரு சந்தோஷம் அவருக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. "ஃபாதர், ஒங்களுக்கு இங்கிலீஷ் சுத்தமா வரலீங்க."

"ஆமாங்க. மொதல்லயே கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. எங்க ஊர்ல ஃபிளமிஷ் பேசுவோம். குருமடத்துல லத்தீன். கப்பல விட்டு எறங்கினதும் தமிழு. இங்கிலீஷுக்கு ஒரு வேலையும் வரலீங்க" என்றார் சாமி.

ஜன்னலுக்கு வெளியே பெரிய கலவரம். அத்தனை வருஷமாகத் தங்கள் சாமி இங்கிலீஷைக் கரைத்துக் குடித்தவர் என்று நம்பியிருந்த ஊர் அது. மரிய புஷ்பம் என்ற பெண்பிள்ளை முன்னால் வந்து மரியசூசையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகன் இங்கிலீஷ் பாடத்தில் அடி வாங்காத நாள் கிடையாது.

"வெள்ளக்காரருக்கே வரலியாம். எம் மவனுக்கு வரலன்னு எதுக்கு சார் பெரம்பால வெளாசுறீங்க?"

மறுநாள் இங்கிலீஷ் வகுப்புக்குப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்த பாதியும், வீட்டில் இடம் இல்லாததால் வந்தவை.

பெரம்பலூர் திரும்பும் வரை சிவசுப்பிரமணியன் பஸ்ஸில் மிதந்துகொண்டுதான் வந்தார். வீட்டுக்கு வந்து ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தபோதுதான் தரை தட்டியது. இந்த ரிப்போர்ட் ஒரு வெள்ளைக்காரர் மேஜைக்குப் போகும். ஒரு வெள்ளைக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சிறுவாச்சூர்க்காரன் ஒருவன் எழுதியிருப்பதை அவர் படிப்பார். படித்துவிட்டு?

பக்கத்து வீட்டுக்காரரான தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க் முத்துசாமியிடம் ஓடினார். முத்துசாமி வெற்றிலையை மென்றுகொண்டே முழுக்கதையையும் கேட்டார்.

"ஃபெயிலாக்கினா, வெள்ளைக்காரன ஃபெயிலாக்க இவன் யாருன்னு கேப்பான். பாஸாக்கினா, நாளைக்கி உண்மை தெரிஞ்சா, இவனுக்கே இங்கிலீஷ் தெரியாது போலிருக்குன்னு சொல்லுவான்."

"அப்ப நான் என்னா பண்றது?"

"ரெண்டுமில்லாம எழுது. ஒனக்குத்தான் அந்த மாதிரி எழுத வருமே."

வரும்தான். ரெவரெண்ட் தர்மநாதரின் இங்கிலீஷ் ஒரு தனி வகையைச் சேர்ந்தது, அதன் நயங்களை அளவிட என்னைப் போன்றவர்களின் செவி போதாது, மேலான செவி ஒன்று நேரில் கேட்பதே முறை என்று சிவசுப்பிரமணியன் மூன்று பக்கம் எழுதி அனுப்பினார். மேலான செவி சம்மதித்தது. மக்ரே துரை என்ற பெரிய அதிகாரி வைகாசியில் அரியலூர் பயணியர் பங்களாவில் முகாம் போடும்போது தாமே பாதிரியாரை விசாரிப்பார், இன்ஸ்பெக்டரும் கூட இருக்க வேண்டும் என்று பதில் வந்தது.

மாதாகுடிக்காட்டில் சாமிக்குச் சோறு இறங்கவில்லை. அவரைத் தூக்கி வேறு ஊரில் போட்டாலும் அவருக்குக் கவலையில்லை. ஆனால் பொறுப்பேற்க அவரை விட்டால் ஆள் இல்லை, சுற்று வட்டாரத்தில் வேறு பள்ளிக்கூடமும் கிடையாது. "பூட்டிட்டாங்கன்னா புள்ளைங்க மறுநாளே ஆட்டுக்குப் பின்னாடி போயிடும்" என்று மரியசூசையிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். மரியசூசை தம்மால் ஆனதைச் செய்து பார்த்தார். வாக்கியம் எதுவும் சாமியின் நாக்கில் தங்கவில்லை. கடைசியில் இரண்டே சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தொரை என்னா சொல்லி நிறுத்தினாலும், கொயட் ஸோன்னு சொல்லிடுங்க சாமி. நீங்க சொல்றது ரொம்பச் சரின்னு அர்த்தம். எந்தத் தொரையும் அதுக்குக் கோவிச்சுக்க மாட்டாரு."

"கொயட் ஸோ" என்றார் சாமி.

"அவ்வளவுதாங்க."

அரியலூர் பங்களாவில் மக்ரே துரை பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் இங்கிலாந்துக்காரர்கூட இல்லை. அதற்கும் வடக்கே ஸ்காட்லாந்து என்ற சீமையிலிருந்து வந்தவர். அந்தச் சீமையில் இங்கிலீஷை வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டுதான் பேசுவார்கள் என்பதை சிவசுப்பிரமணியன் படித்த எந்தப் புஸ்தகமும் சொல்லவில்லை. துரை வாயைத் திறந்ததும், மலையிலிருந்து யாரோ பாறை உருட்டுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. சத்தம் நின்றது.

"கொயட் ஸோ" என்றார் சாமி.

துரை தலையசைத்தார். சிவசுப்பிரமணியனுக்கு மயிர் சிலிர்த்தது. தமக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லையே! "ஐ பெக் யுவர் பார்டன், சார்" என்று பணிவாகக் கேட்டார். துரை முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பவும் உருட்டினார். உட்காரச் சொல்கிறார் என்று கையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

உத்தரவில் புரிந்துகொண்டால் போதும் என்றுதானே இருக்கிறது, பாதிரியார் பதிலைத் தமிழில் சொல்லட்டும், இன்ஸ்பெக்டர் அதை மொழிபெயர்க்கட்டும் என்று துரை தாராளமாக விட்டுக்கொடுத்தார். இதைப் புரிந்துகொள்ள சிவசுப்பிரமணியன் இன்னும் இரண்டு பார்டன் கேட்க வேண்டியிருந்தது. அவருடைய இங்கிலீஷ் பக்கத்துக்குப் பக்கம் பிரமாதமாக இருந்தது. காதில்தான் நுழைய மறுத்தது.

அடுத்து துரை விஷயத்துக்கு வந்தார். பெல்ஜியத்துக்குள் ஜெர்மானியர்களின் யுத்த டாங்கிகள் நுழைந்தபோது ஜனங்கள் அவற்றை எப்படி எதிர்கொண்டார்கள், ஊரிலிருந்து ஏதாவது தகவல் வந்ததா என்று கேட்டார். பார்டன் எல்லாம் தீர்ந்த பிறகு சிவசுப்பிரமணியன் காதில் மிஞ்சியவை மூன்று சொற்கள்: பெல்ஜியம், ஜெர்மன், டாங்க். தாலுகா ஆபீஸ் இங்கிலீஷில் டாங்க் என்றால் ஏரி. அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. முத்துசாமியின் ஃபைலெல்லாம் டாங்க் தூர்ந்தது, டாங்க் உடைந்தது என்றுதான் இருக்கும்.

"சாமி, ஒங்க பெல்ஜியத்துல ஏரியெல்லாம் எப்படி இருக்குன்னு கேக்குறாருங்க. ஜெர்மன்காரன் வந்த பிற்பாடு."

சாமி விழித்தார். யுத்தத்தில் துரைக்கு இப்படி ஒரு கவலையா என்று நினைத்தாரோ என்னவோ. "எங்க பக்கம் ஏரி ஏதுங்க? வாய்க்காலுதான். ஏரின்னா நம்ம ஊரு ஏரியச் சொல்லலாம். போன ஐப்பசி மழையில பொங்கிக்கிட்டு வந்துச்சு பாருங்க, ஊரையே வாரிக்கிட்டுப் போயிருக்கும். நான் கோயில் மணிய அடிச்சேன். ஆம்பள பொம்பள அத்தன பேரும் கூடையும் மம்பட்டியுமா ஓடியாந்து, மண்ணக் கொட்டி நிறுத்திப்புட்டாங்க. இன்னும் கரையில ஒரு பக்கம் பலமில்ல. சர்க்காரு நாலு மம்பட்டி குடுத்தா தேவலாம்."

சிவசுப்பிரமணியன் எழுந்து நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஒரு பிழையும் இல்லாமல் மொழிபெயர்த்தார். எங்கள் நாட்டில் டாங்க் இல்லை. மாதாகுடிக்காட்டில்தான் டாங்க் பெரும் சீற்றத்துடன் ஊரை நோக்கி வந்தது. பாதிரியார் ஆலயமணியை ஒலித்தார். ஆணும் பெண்ணும் கூடைகளோடும் மண்வெட்டிகளோடும் விரைந்து, மண்ணைக் கொட்டி அதைத் தடுத்து நிறுத்தினார்கள். மேலும் மண்வெட்டிகள் தேவை.

துரை வாயிலிருந்து பைப்பை எடுத்தார். ஜப்பான்காரன் கரையிறங்கினால் என்ன செய்வது என்று மாகாணமே கையைப் பிசைந்துகொண்டிருக்கிறது. இங்கே ஒரு பெல்ஜியப் பாதிரியார், ஊர் ஜனங்களுக்கு டாங்கியை மண்ணால் மறிக்கப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்! இதை அடிக்கடி பயிற்சி செய்வதுண்டா என்று கேட்டார். அடிக்கடி என்ற சொல் மட்டும் சிவசுப்பிரமணியனுக்குத் தெளிவாகக் கேட்டது. "ஒவ்வொரு மழைக்காலத்திலும், சார்" என்று தாமே பதில் சொல்லிவிட்டார்.

துரை எழுந்து வந்து சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கி, நீளமாக ஏதோ உருட்டினார்.

"கொயட் ஸோ" என்றார் சாமி, தலையைக் குனிந்துகொண்டு.

ஒரு மாதத்துக்குள் எல்லாம் நடந்தேறியது. தர்மநாதர் சாமி தேறிவிட்டார். நான் சொன்ன ஒன்றையும் அவர் திருப்பிச் சொல்லும்படி கேட்கவில்லை, ஸ்காட்லாந்தை விட்டு வந்த பிறகு இவ்வளவு நன்றாக என்னைப் புரிந்துகொண்டவரை நான் கண்டதில்லை என்று துரை எழுதியிருந்தார். பாதுகாப்புப் பணிக்காக என்று சொல்லி ஒரு வண்டி நிறைய மண்வெட்டியும் கூடையும் மாதாகுடிக்காட்டுக்கு வந்து இறங்கின. ஊர் ஜனங்கள் மறுபேச்சில்லாமல் ஏரிக்கரைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். சர்க்கார் மண்வெட்டி அந்த ஊருக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

சிவசுப்பிரமணியனுக்கும் ஓர் உத்தரவு வந்தது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு வாக்கியத்தையும் பல தடவை சொல்லவைத்தார், அவருக்கு இங்கிலீஷைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் சக்தி இருக்கிறதா என்பதே சந்தேகம், ஆகவே அவர் வாய்மொழிப் பரீட்சைக்கு உட்பட வேண்டும். பரீட்சகர், அந்த வட்டாரத்தில் இங்கிலீஷில் தேறிய ஒரே ஐரோப்பியரான ரெவரெண்ட் தர்மநாதர்.

ஜானகியிடம் அதைச் சொன்னபோது அவள் இந்தத் தடவை முந்தானையைக்கூடத் தேடவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துப் பார்த்தால், புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"நான் வெளயாட்டுக்குச் சிரிச்சேங்க. திரும்பி உக்காந்து சாப்பிடுங்க."

"நீ சிரிச்சதுக்கில்ல ஜானகி. பத்து வயசுலேருந்து இதத்தான் படிச்சேன். வேற ஒண்ணுமே படிக்கல. அந்தாளு வாயத் தொறந்தா எனக்கு ஒரு எழுத்துப் புரியல."

ஜானகி விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இந்தத் தடவை அவர் கோட்டு இல்லாமல், கொளஞ்சியப்பன் இல்லாமல் போனார். சாமி ஏரிக்கரையில் இருந்தார். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஊர் ஜனங்களோடு மண் சுமந்துகொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டு ஓடிவந்தார்.

"எனக்கு வெக்கமா இருக்குங்க. எனக்குத் தெரியாத ஒண்ணுல ஒங்களுக்கு நான் எப்படிப் பரீட்சை வெப்பேன்? முடியாதுன்னு எழுதிடலாம்னா, அதையும் இங்கிலீஷ்லதான் எழுதணுமாம்."

சிவசுப்பிரமணியன் கரையோரப் பனைமரத்தடியில் உட்கார்ந்தார். வழியில் அரியலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஒரு பத்திரிகை வாங்கியிருந்தார். அதில் ஒரு படம். பீரங்கி வைத்த இரும்பு வண்டி ஒன்று, கீழே டாங்கி என்று அச்சடித்திருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சாமி, அன்னிக்கு தொரை கேட்டது ஏரி இல்லீங்க." படத்தை விரித்துக் காட்டினார். "இதக் கேட்டிருக்காரு. ஒங்க ஊருக்குள்ள ஜெர்மன்காரன் இத ஓட்டிக்கிட்டு வந்தப்ப என்னாச்சு, ஊர்லேருந்து தகவல் உண்டான்னு. நான் ஏரின்னு நெனச்சிட்டேன்."

சாமி படத்தை வெகு நேரம் பார்த்தார். மண் ஒட்டிய விரல் படத்தின் மேல் படாமல் ஓரத்தைப் பிடித்திருந்தார்.

"தகவல் இல்லீங்க. ரெண்டு வருசமாச்சு. அக்கா இருக்காங்க, அவங்க புள்ளைங்க மூணு. ரோட்டு மேலயே வீடு. இதெல்லாம் அந்த வழியாத்தான் போயிருக்கணும்" என்றார். பத்திரிகையை மடித்துக் கொடுத்துக்கொண்டே, "இங்க வந்த நாளா அவங்களப் பத்தி என்னை யாரும் கேட்டதில்ல. கேட்டவரு கேட்டது எனக்கு வந்து சேரல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிவசுப்பிரமணியனுக்கு அவர் கோபித்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

"அவங்க பேரு என்னாங்க?"

சாமி சொன்னார். சிவசுப்பிரமணியன் சொல்லிப் பார்த்தார். வரவில்லை. மறுபடியும் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை ஏறக்குறைய வந்தது. சாமியின் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"சரி, பரீட்சைய முடிச்சிடலாம். இங்கிலீஷ்ல என்னமாவது பேசுங்க. நான் கேக்குறேன்."

"என்னத்தப் பேச?"

"ஒங்க இஷ்டம். எனக்குத்தான் புரியாதே."

சிவசுப்பிரமணியன் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கினார். முதலில் மனப்பாடம் செய்த வாக்கியம் ஒன்று வந்தது. அதோடு மனப்பாடம் தீர்ந்துபோயிற்று. பிறகு, ரயிலடியில் விலகு என்று கத்திய துரையைப் பற்றிச் சொன்னார். தகப்பனாருக்குத் தாம் எழுதிய கடிதங்களைப் பற்றிச் சொன்னார். அவர் போன வருஷம் இறந்துபோனபோது கடைசிக் கடிதம் பிரிக்காமலே கிடந்ததைச் சொன்னார். மக்ரே துரையை இங்கிலீஷில் வைதார். குரல் உயர்ந்தது. காலங்கள் கலந்தன, ஒருமை பன்மை தடுமாறியது. அவர் எதையும் நின்று திருத்தவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். கேட்டவர்களில் ஒரு மனுஷருக்கும் புரியவில்லை என்பது மட்டும்தான் குறை.

மண் சுமந்தவர்கள் கூடையை இறக்கிவிட்டுக் கூடிவிட்டார்கள். "யாரையோ போட்டுத் தாக்குறாரு" என்றாள் மரிய புஷ்பம். "பாவம், அழுவுற மாதிரியும் இருக்கு" என்றார் இன்னொருவர். சாமி கடைசி வரை அவர் முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டார்.

"நல்லா இருந்துச்சுங்க" என்றார் முடிவில். கையைக் கழுவிக்கொண்டு வந்து, மரியசூசை எழுதி வைத்திருந்த சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அனுப்பிய சரக்கு முதல் தரமானது, மேலும் ஆர்டர்களை எதிர்பார்க்கிறோம் என்ற பொருளில் அது எழுதப்பட்டிருந்தது. மேலிடத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அன்று சிவசுப்பிரமணியன் பொழுது சாயும் வரை ஏரிக்கரையில் மண் வெட்டிவிட்டுத்தான் வண்டி ஏறினார். ஆனால் மனுஷருடைய திருந்துதலுக்கும் ஓர் அளவு உண்டு. ஆவணி பிறப்பதற்குள் பெரம்பலூர் வீட்டு வாசலில் புதுப் பெயர்ப்பலகை ஒன்று தொங்கியது. பி.ஏ., எல்.டி.க்குக் கீழே, பெரிய எழுத்தில், 'வாய்மொழி இங்கிலீஷில் ஐரோப்பியரால் நேரில் பரீட்சிக்கப்பட்டுத் தேறியவர்' என்று எழுதியிருந்தது. செட்டிகுளத்திலிருந்தும் லப்பைக்குடிக்காட்டிலிருந்தும் வேலைக்கு மனுப் போடுகிற இளவட்டங்கள் அதைப் பார்த்துவிட்டு, அந்த ஐரோப்பியர் யார், எங்கே இருக்கிறார், நமக்கும் ஒரு சான்றிதழ் கொடுப்பாரா என்று விசாரித்தார்கள். சிவசுப்பிரமணியன் வண்டித் தடம் உட்பட வழி சொல்லி அனுப்பிவைப்பார். போகும்போது ஆளுக்கொரு மண்வெட்டி கொண்டுபோகச் சொல்வார்.